ஆளைக் கொண்டு வருக

மேலக்கோட்டகத்து அன்பரசனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது மணல் கடத்தினான் என்று. அவன் ஆயுசில் கடத்திய மணல் வயலிலிருந்து வீட்டுக்கு வரும்போது காலில் ஒட்டிக்கொண்டு வந்தது மட்டும்தான். அதையும் அவன் மனைவி பிரகதீஸ்வரி வாசலிலேயே கழுவச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

புரட்டாசி மாதம் அது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, கடைமடையில் கிடக்கும் அந்த ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. நாற்றங்காலில் நாற்று மஞ்சள் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மைல் மேலே, மதகில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மதகு ஷட்டருக்குப் பூட்டு. பூட்டின் சாவி மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம். லஸ்கரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் சாவியைப் புதிய லஸ்கரிடம்தான் ஒப்படைப்பேன் என்றார். புதிய லஸ்கரை இன்னும் யாரும் நியமிக்கவில்லை. அன்பரசன் பதினொரு நாள் ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்துப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் கடப்பாரையோடு போய்ப் பூட்டை நெம்பி, ஷட்டரை ஏற்றிவிட்டான். ஊருக்குத் தண்ணீர் வந்தது. பின்னாலேயே ஜீப்பும் வந்தது.

பூட்டை உடைத்ததற்கு மட்டும் வழக்குப் போட்டிருந்தால் மறுநாளே ஜாமீனில் வந்திருப்பான். ஆனால் மாவட்டத்தின் மேலதிகாரி, பூட்டு என்பது அரசாங்கத்தின் மானம் என்று நினைப்பவர். விசாரணையில்லாமல் ஒரு வருஷம் ஆளை உள்ளே வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தைக் கையிலெடுத்தார். யார் யாரைப் பிடிக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. சாராயம் காய்ச்சுகிறவர் இருந்தார், மணல் திருடுகிறவர் இருந்தார். தண்ணீர் திறக்கிறவர் இல்லை. அதிகாரி யோசித்தார். தண்ணீர் பாய்ந்தால் அடியில் மணலும் நகருமல்லவா? "அனுமதியின்றி அரசு மணலை இடம்பெயரச் செய்த பழகிய குற்றவாளி" என்று உத்தரவு தயாராயிற்று.

பழகிய குற்றவாளி என்றால் பழைய குற்றங்கள் வேண்டும். ஈர நெல்லையும் கொள்முதல் செய்யுங்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன் ரோட்டில் உட்கார்ந்தது முதல் குற்றம். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மேடையிலிருந்த பொறியாளரைப் பார்த்து, "ஐயா, முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டது இரண்டாவது. பொறியாளர் தூங்கிக்கொண்டிருந்ததை உத்தரவு மறுக்கவில்லை. "பணியிலிருந்த அலுவலரின் அமைதிக்குப் பங்கம் விளைவித்தார்" என்று மட்டும் சொன்னது.

பிரகதீஸ்வரி மன்னார்குடிக்குப் போய் வக்கீல் இர்பானைப் பார்த்தாள். சின்ன வயசு, அவன் அத்தாவும் அன்பரசனும் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள்.

"ஆட்கொணர்வு மனு போடுவோம்க்கா," என்றான் இர்பான். "ஆளைக் கொண்டாந்து கண்ணு முன்னால நிறுத்து, எதுக்குப் புடிச்சு வச்சேன்னு பதில் சொல்லு. அவ்வளவுதான் அதுல இருக்கு. மத்த எல்லா கேஸுக்கும் முன்னால இதைத்தான் எடுப்பாங்க. அவ்வளவு அவசரம்."

"எத்தனை நாள் ஆகும் தம்பி?"

"அவசரம்னு சொன்னேன்ல," என்றான் இர்பான். கேட்டதற்கு அது பதிலில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

உயர் நீதிமன்றத்தில் அந்த அவசரத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது. காணாமல் போனவரைத்தான் கொண்டுவரச் சொல்ல முடியும். இந்த ஆள் மத்திய சிறையில் இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது யாரை எங்கிருந்து கொண்டுவருவது என்று கேட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். மிச்சமிருந்தது தலைநகரத்துப் பெரிய கோர்ட்டு. அதற்கு மேலே கோர்ட்டு கிடையாது, ஆகாயம்தான்.

பெரிய கோர்ட்டின் அலுவலகம் மனுவைப் படித்துப் பதினேழு குறைகள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியது. ஓரத்தில் விட்ட இடம் போதவில்லை. நாற்பத்து மூன்றாம் பக்கம் மங்கல். மனுவில் கைதி கையெழுத்துப் போடாமல் மனைவி போட்டிருக்கிறார். கைதி ஏன் நேரில் வரவில்லை என்று விளக்க வேண்டும்.

"உள்ள இருக்காருன்னுதானே தம்பி மனுவே போட்டிருக்கோம்?" என்றாள் பிரகதீஸ்வரி.

"உள்ள இருக்காருன்னு ஒரு சர்டிபிகேட் கேக்குறாங்கக்கா."

அதையும் வாங்கினார்கள். சிறை கண்காணிப்பாளர் தமிழரசன் நல்ல மனிதர். "அன்பரசன் என்பவர் இங்கே நலமாக இருக்கிறார்" என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அன்பரசன் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வடக்குக் கொல்லைக்குத் தண்ணி ஏறிச்சா ஈஸ்வரி?" என்றான். வாரா வாரம் அதையே கேட்டான். அவன் பிடிபட்டு இரண்டு நாளில் அந்த மதகுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தார்கள். அவள் அதைச் சொல்லாமல், "ஏறிச்சு, ஏறிச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சித்திரைக் கடைசியில் முதல் விசாரணை. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து போய் இறங்கினாள். கோர்ட்டின் தூண்களையும் உயரத்தையும் அண்ணாந்து பார்த்தவளுக்கு, கொள்முதல் நிலையத்து வாசலில் வருஷா வருஷம் மழையில் நனையும் மூட்டைகள் ஞாபகம் வந்தன. இதற்குள் அடுக்கினால் நீடாமங்கலத்து நெல் முழுக்கக் கொள்ளும், ஒரு மணி நனையாது.

மூன்று நீதிபதிகள் வந்து உட்கார்ந்தார்கள். பேசியதெல்லாம் இங்கிலீஷில். இர்பான் அவள் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். நடுவில் இருந்தவர் மனுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பேசினார்.

"மனித சுதந்திரம்! அதைவிடப் புனிதமானது இந்த மன்றத்துக்கு வேறொன்றில்லை. ஒரு குடிமகன் ஒரு மணி நேரம், ஒரு நிமிஷம், ஏன், ஒரு கணம் அநியாயமாக அடைபட்டுக் கிடந்தாலும் எங்கள் தூக்கம் கலைந்துவிடும்."

நாற்பது நிமிஷம் பேசினார். பிரகதீஸ்வரிக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அரசு வக்கீல் எழுந்து, பதில் மனு போட நான்கு வாரம் வேண்டும் என்றார்.

"நான்கு போதுமா?" என்றார் நடுவில் இருந்தவர். "நடுவே கோடை விடுமுறை வருகிறது. பன்னிரண்டு வாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "தம்பி, ஒரு கணம்னா இவங்க கணக்குல எத்தனை வாரம்?"

இர்பான் அங்கியைக் கழற்றி மடிப்பதில் மும்முரமாக இருந்தான்.

ஆடியில் இரண்டாவது விசாரணை. வலப்பக்கத்து நீதிபதிக்கு ஒரு சந்தேகம். "ஷட்டரை உடைத்தார் என்று இருக்கிறதே, அந்தக் கடையிலிருந்து என்னென்ன களவு போயிற்று?"

இது கடை ஷட்டர் இல்லை, தண்ணீர் போகும் மதகின் ஷட்டர் என்று இர்பான் விளக்கினான்.

"அப்படியானால் தண்ணீர்க் கடை," என்று அவர் குறித்துக்கொண்டார்.

இர்பான் தன் கையிலிருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தான். அன்பரசன் சிறையிலிருந்து அரசுக்கு அனுப்பிய முறையீடு மார்ச் ஒன்பதாம் தேதி எழுதியது. அதை நன்றாகப் பரிசீலித்து நிராகரித்திருக்கிறோம் என்ற அரசின் பதிலில் இருந்த தேதி மார்ச் இரண்டு. வருவதற்கு ஒரு வாரம் முன்பே எப்படிப் பரிசீலித்தார்கள்?

அரசு வக்கீல் கொஞ்சமும் அசரவில்லை. "கனம் நீதிபதி அவர்களே, முறையீடு வரும் என்று அரசுக்குத் தெரியும். வந்தால் என்ன முடிவெடுப்போம் என்பதும் தெரியும். பிறகு காத்திருப்பானேன்? காலதாமதம் கைதியின் உரிமையைப் பாதிக்கும் என்று இந்த மன்றம்தானே பலமுறை சொல்லியிருக்கிறது?"

"பாராட்டத்தக்க வேகம்," என்றார் நடுவில் இருந்தவர்.

அடுத்து இடப்பக்கத்து நீதிபதி தொண்டையைக் கனைத்தார். அதுவரை அவர் வாயே திறந்ததில்லை. "நான் ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் பொன்னி அரிசிதான். தஞ்சாவூர் நெல்லைச் சாப்பிடுகிறவன் தஞ்சாவூர்த் தண்ணீரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் உலகம் என்ன பேசும்? நான் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

அவையே சிலிர்த்துப்போயிற்று. வலப்பக்கத்தவருக்கு உட்கார முடியவில்லை. தன் வீட்டில் தினமும் காலையில் இட்லி என்றும், அதற்கான அரிசி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மனசாட்சியைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை என்றும் கூறி அவரும் விலகினார். நடுவில் இருந்தவர் பிரியாணி மட்டும்தான் சாப்பிடுவார், அதுவும் பாசுமதி. அவர் தப்பினார். இந்த வழக்கைக் கோதுமை மட்டும் சாப்பிடும் நீதிபதிகளைத் தேடிப் பிடித்து அவர்கள் முன் பட்டியலிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. இந்த நாட்டு நீதித்துறையின் நேர்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம் என்று வராந்தாவில் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

கோதுமை தேடி முடிவதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. அன்பரசனின் ஒரு வருஷம் முடிந்தது. ஒருநாள் காலை பத்து மணிக்குச் சிறையின் சின்னக் கதவைத் திறந்து அவனை அனுப்பிவிட்டார்கள். எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை, காலண்டர் சொன்னது. அவன் பஸ் பிடித்து வந்து, வீட்டுக்குள் நுழையாமல் நேரே வடக்குக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தான். வெடித்துக் கிடந்தது. பிரகதீஸ்வரி பின்னாலேயே ஓடிவந்து நின்றாள்.

"ஏறிச்சுன்னு சொன்ன?"

"உள்ள இருக்கிற மனுசன்கிட்ட வேற என்னத்தைச் சொல்ல?"

அவன் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று இருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் நல்ல வேளையாகப் புது லஸ்கர் வந்துவிட்டார். தண்ணீரும் வந்தது. ஐப்பசியில் நடவு நடந்துகொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து கண்காணிப்பாளர் தமிழரசன் இறங்கி, பளபளக்கும் ஷூவோடு வரப்பில் தடுமாறித் தடுமாறி வந்தார்.

"அன்பரசன், சௌக்கியமா? உங்ககிட்ட ஒரு உதவி," என்றார். "கொஞ்சம் அரஸ்ட் ஆகணும்."

கோதுமை அமர்வு கூடிவிட்டதாம். இவ்வளவு நாள் ஒரு குடிமகன் அடைபட்டுக் கிடந்தானே என்று பொங்கிவிட்டார்களாம். ஆள் விடுதலையாகிவிட்டார் என்று சொல்ல இர்பான் எழுந்திருக்கிறான். சுதந்திரத்தைப் பற்றி மன்றம் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று அவனை உட்கார வைத்துவிட்டார்கள். தமிழரசனும் நான்கு வரியில் விவரம் எழுதி அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் இடம் போதவில்லை என்று அது திரும்பி வந்துவிட்டது.

"பதினாலாம் தேதி சிறை அதிகாரி ஆளைக் கொண்டு வருகன்னு உத்தரவு. கொண்டு போகலைன்னா அவமதிப்பு. என்னைய உள்ள வச்சிருவாங்க. பென்சனுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு."

பிரகதீஸ்வரி இடுப்பில் செருகிய சேலையோடு சேற்றிலிருந்து ஏறி வந்தாள். "ஒரு வருசம் விடுங்க விடுங்கன்னு உங்க கேட்டுல வந்து நின்னேன். சட்டம் இடம் கொடுக்கலம்மான்னீங்க. இப்ப வாங்க வாங்கன்னு நீங்க வந்து நிக்கிறீங்களே, இதுக்கு மட்டும் சட்டம் இடம் கொடுக்குதா?"

"இதுக்கும் கொடுக்கலம்மா," என்றார் தமிழரசன் பரிதாபமாக. "அதனாலதான் கெஞ்சுறேன்."

அன்பரசன் கையிலிருந்த நாற்று முடியைக் கீழே வைத்தான். "விடு ஈஸ்வரி. உள்ள இருந்தப்ப ஐயா நம்மளை மரியாதையாத்தான் நடத்தினாரு. அஞ்சு நாள் வேலை. போயி மூஞ்சியக் காட்டிட்டு வந்துரலாம். நடவு முடியட்டும் ஐயா, கிளம்புவோம்."

நடவு முடியும்வரை தமிழரசன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுத்தார்.

பதினாலாம் தேதி பெரிய கோர்ட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மூன்று கோதுமை நீதிபதிகள். தமிழரசன் விறைப்பாக சல்யூட் அடித்து, பக்கத்தில் அன்பரசனை நிறுத்தினார்.

"இவர்தானா?" என்றார் அவர்களில் நடுவராக இருந்தவர்.

"இவர்தான்."

"இவரை எந்த உத்தரவின்பேரில் இங்கே கொண்டுவந்தீர்கள்?"

"உங்கள் உத்தரவின்பேரில்."

"அது கொண்டுவரச் சொன்ன உத்தரவு. பிடித்து வைக்கச் சொன்ன உத்தரவு எங்கே?"

"அது போன மாதமே முடிந்துவிட்டது."

கோர்ட்டில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, எந்த உத்தரவும் இல்லாமல், ஒரு சுதந்திரக் குடிமகனை இரண்டாயிரம் கிலோமீட்டர் இழுத்து வந்திருக்கிறீர்கள்!"

அன்பரசனுக்கு விஷயம் தப்பாகப் போகிறது என்று முகங்களைப் பார்த்தே புரிந்துவிட்டது. கையைத் தூக்கினான். "ஐயா, அவரு இழுத்துட்டு வரலைங்க. பாவம்னு நானாத்தான் வந்தேன்."

இர்பான் அதை மொழிபெயர்த்தான். நடுவரின் குரல் தழுதழுத்தது. "பாருங்கள், ஒரு வருஷச் சிறை ஒரு மனிதனை எந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது! தன்னை அடைத்தவனுக்காகவே பரிந்து பேசுகிறார். இவரை விடுதலை செய்கிறோம். இப்போதே! இந்தக் கணமே!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டாத குறை. கூட வந்திருந்த பிரகதீஸ்வரி பையை எடுத்துக்கொண்டாள். மாலை ரயிலைப் பிடித்துவிடலாம். நடுவர் இன்னும் முடிக்கவில்லை.

"எங்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகல் சிறைக்கு வந்து சேர்ந்தவுடன், சிறை அதிகாரி இவரை விடுவிக்க வேண்டும். அதுவரை இப்போதுள்ள நிலையே தொடரும்."

இப்போதுள்ள நிலை என்னவென்றால், அன்பரசன் தமிழரசன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அதே நிலையில் ஊர் திரும்பினார்கள். தமிழரசன் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். சிறையில் பார்வையாளர் அறையில் ஒரு கட்டில் போட்டு, மின்விசிறி வைத்து, தன் வீட்டிலிருந்தே சாப்பாடு வரவழைத்தார். நகல் வரவில்லை. மூன்று நீதிபதிகளுக்கும் ஒரே கருத்துதான். இருந்தாலும் சுதந்திரத்தைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்புத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இருநூறு பக்கம் தாண்டிவிட்டதாக இர்பான் போனில் சொன்னான். கூடவே தயங்கித் தயங்கி, "சீக்கிரம் வெளிய எடுக்கணும்னா ஒரு வழி இருக்குக்கா. இன்னொரு ஆட்கொணர்வு மனு..." என்று ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

கார்த்திகை பிறந்து அடைமழை பிடித்தது. போன வருஷமெல்லாம் வராத தண்ணீர் ஒரே ராத்திரியில் வந்து பயிரின் கழுத்துவரை நின்றது. இரண்டு நாளில் வடிய விடாவிட்டால் நட்டதெல்லாம் அழுகிப்போகும். தனியாளாக மண்வெட்டியோடு ஒரு பகல் முழுக்கப் போராடிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிறைக்குப் போனாள் பிரகதீஸ்வரி. உடம்பில் சேறு காயவில்லை. கண்காணிப்பாளர் மேஜைக்கு எதிரில் போய் நின்றாள்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. எங்க வீட்டுக்காரரு உங்க ரிஜிஸ்டர்ல இருக்காரா?"

தமிழரசன் பெரிய புத்தகத்தைத் திறந்தார். போன வருஷம் புரட்டாசியில் உள்ளே வந்தது இருந்தது. இந்த வருஷம் புரட்டாசியில் வெளியே போனது இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"உத்தரவு இல்லாம எப்படிம்மா உள்ள வந்ததா எழுதுறது? எழுதினா அது சட்டவிரோதம்."

"அப்ப புத்தகப்படி அவரு இங்க இல்லை."

"இல்லை."

"இல்லாத மனுசன் வெளிய போனா நீங்க யாருக்குப் பதில் சொல்லணும்?"

தமிழரசன் புத்தகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்ததில்லை. மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.

"யாருக்கும் இல்லைம்மா," என்றார். "குடை இருக்கா? இல்லைன்னா என்னோடதை எடுத்துட்டுப் போங்க."

வாசலில் நின்ற காவலர் அன்பரசனுக்கு வணக்கம்கூட வைத்தார். மத்தியானத்துக்குள் இருவரும் வயலில் இருந்தார்கள். இருட்டுவதற்குள் மூன்று இடத்தில் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பிவிட்டார்கள். பாதிப் பயிர் தேறியது.

தை மாதம், அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியிருந்த நாளில், பெரிய கோர்ட்டின் நோட்டீஸைச் சுமந்துகொண்டு ஓர் ஊழியர் வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத் தீர்ப்பு ஒருவழியாகச் சிறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சிறை எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறது. தாங்கள் விடுதலை செய்த மனிதர், விடுவிக்கப்படாமலே எங்கே போனார் என்று நீதிபதிகள் அதிர்ந்துபோய், தாங்களாகவே ஒரு ஆட்கொணர்வு வழக்கை எடுத்துக்கொண்டார்கள். மிக அவசரம் என்று நோட்டீஸின் தலையில் சிவப்பு எழுத்தில் அடித்திருந்தது.

"அன்பரசன் இருக்காராம்மா?" என்று இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டார் ஊழியர்.

பிரகதீஸ்வரி நோட்டீஸைப் பார்த்தாள். நாலடி தூரத்தில் தார்ப்பாயில் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"அவரைத்தாங்க எல்லாரும் தேடிக்கிட்டிருக்கோம்," என்றாள்.

ஊழியர் அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினார். பேனாவை எடுத்து, "நேரில் சென்று விசாரித்ததில் ஆள் இல்லை" என்று எழுதினார். எழுதியதற்குச் சாட்சியாக அக்கம்பக்கத்தார் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்றார். அன்பரசன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் அப்பா பெயர், ஊர் பெயரோடு தன் பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தான்.

ஊழியர் அதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஓரத்தில் இடமும் தாராளமாக விட்டிருந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அன்பரசனையே கேட்டுவிட்டுக் கிளம்பினார்.